மருந்தை வெல்லும் கிருமியும், கிருமியை வெல்லும் கூட்டுறவும்

கூட்டுறவு என்று சொன்ன மாத்திரத்தில் நம் உறுப்பினர்களின் நினைவுக்கு வருவன நூல் கொள்முதல், துணி விற்பனை, பயிர்க் கடன், உரப் பங்கீடு முதலியனவே. தனியொருவரால் ஆகாத காரியம் பலர் கூடினால் ஆகும் என்பதை இவற்றில் நாம் நாள்தோறும் கண்டு வருகிறோம். அவ்வுண்மை சங்கக் கட்டடத்திற்குள் அடங்கிவிடுவதன்று. மனிதகுலத்தின் பழம்பெரும் பகைகளுள் ஒன்றாகிய காசநோயை எதிர்த்து மருத்துவ அறிஞர்கள் நடத்தி வரும் போராட்டத்திலும் அது விளங்கக் காணலாம். மருந்துக்கு அடங்காத கிருமிகள் தோன்றி, அரிதிற் பெற்ற வெற்றிகளைப் பறிக்க முற்பட்ட ஒவ்வொரு வேளையிலும், அவற்றை மடக்கியது பல நாட்டாரும் பல நிலையங்களும் கூடி நடத்திய ஆராய்ச்சியே ஆகும். அவ்வரலாற்றில் நம் சென்னை மாநகருக்கும் சிறந்ததோர் இடம் உண்டு.

இது நமக்குப் புறம்பான செய்தி என்று எண்ண இடமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி, 2023-ஆம் ஆண்டில் உலகில் 1 கோடியே 8 இலட்சம் பேருக்குக் காசநோய் கண்டது. 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் அதனால் மாண்டனர். நோயுற்றவர்களில் நான்கில் ஒரு பங்கினருக்கு மேற்பட்டோர் இந்தியாவில் உள்ளவர்கள். முதன்மையான மருந்துகளுக்கு அடங்காத காசநோய் அவ்வாண்டில் ஏறத்தாழ 4 இலட்சம் பேரைப் பற்றியது. பிற நோய்களிலும் இத்தொல்லை பெருகியுள்ளது. மருந்துக்கு அடங்காத பாக்டீரியாக்களே நேர்க் காரணமாக 2019-ஆம் ஆண்டில் 12 இலட்சத்து 70 ஆயிரம் உயிர்கள் மடிந்தன என்று பல நாட்டு அறிஞர்கள் கூடிக் கணக்கிட்டுள்ளனர்.

கிருமி மருந்தை வெல்லும் வகை

மருந்துக்குக் கிருமி அடங்காமற் போவது எவ்வாறு? நம் விவசாய உறுப்பினர்கள் இதனை எளிதில் உணர்வர். ஒரே பூச்சிமருந்தை ஆண்டுதோறும் தெளித்துவந்த வயலில், முதலாண்டில் செத்து விழுந்த புழு நாலைந்து ஆண்டுகளில் அம்மருந்துக்கு அசையாமல் நிற்பதை அவர்கள் கண்டிருப்பார்கள். புழு மருந்துக்குப் பழகிக்கொண்டது என்று சொல்வது வழக்கம். உண்மையில் நடப்பது வேறு. இலட்சக்கணக்கான புழுக்களில் இயற்கையாகவே அம்மருந்தைத் தாங்கவல்லவை மிகச் சில இருக்கும். மருந்து மற்றவற்றைக் கொன்றுவிடுகிறது. தாங்கியவை போட்டியின்றிப் பெருகுகின்றன. களையெடுப்பவன் நெற்பயிரைப் பிடுங்கிக் களையை விட்டுவைத்தாற்போல, தனித்து நின்ற மருந்து தனக்கு அடங்காதவற்றையே தேர்ந்து விட்டுவைக்கிறது.

காசநோய்க் கிருமியின் நிலையும் இதுவே. ஐசோநயாசிட் என்னும் மருந்தைத் தாங்கவல்ல கிருமி ஏறத்தாழ 10 இலட்சத்தில் ஒன்று இருக்கும். ரிபாம்பிசின் என்னும் மருந்தைத் தாங்கவல்லது ஏறத்தாழ 10 கோடியில் ஒன்று. நுரையீரலில் குழிவிழுந்த ஒரு நோயாளியின் புண்ணிலோ கிருமிகள் பத்துக் கோடிக்குக் குறையாமல் இருக்கக்கூடும். ஆகவே எந்த ஒரு மருந்தைத் தனியே கொடுத்தாலும் அதற்குத் தப்பும் கிருமி அங்கே முன்னரே காத்திருக்கிறது எனலாம். இரண்டு மருந்துகளையும் ஒருங்கே கொடுத்தால், இரண்டையும் தாங்கவல்ல கிருமி 100 இலட்சம் கோடியில் ஒன்றுதான் இருக்கும்; அத்தனை கிருமி ஒரு மனிதர் உடலில் இருக்க இடமில்லை. தனி இழை அறுந்துபோகும், முறுக்கிய இழை தாங்கும் என்பதைத் தறியில் அமர்ந்தவர்க்கு விளக்க வேண்டுவதில்லை.

இன்று இதனை நாம் நாலே வரியில் சொல்லிவிடுகிறோம். இதனைக் கண்டறிய உலகம் கொடுத்த விலை பெரிது.

107 நோயாளர் புகட்டிய பாடம்

1943-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில், செல்மன் வாக்ஸ்மன் என்பவரின் ஆய்வுக்கூடத்தில், ஆல்பர்ட் ஷாட்ஸ் என்னும் இளம் ஆராய்ச்சியாளர் மண்ணில் வாழும் ஒருவகை நுண்ணுயிரிலிருந்து ஸ்டிரெப்டோமைசின் என்னும் மருந்தைப் பிரித்தெடுத்தார். காசநோய்க் கிருமியைக் கொல்லும் ஆற்றல் அதற்கு இருந்தது. போரினால் நலிந்திருந்த பிரிட்டன் அம்மருந்தைச் சிறிதளவே வாங்க முடிந்தது. எல்லோருக்கும் கொடுக்கப் போதாது என்றிருந்த அந்நிலையில், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் அறிவார்ந்த முடிவொன்றைச் செய்தது. பல மருத்துவமனைகளைக் கூட்டி, 1947-ஆம் ஆண்டில் முறையான சோதனை ஒன்றைத் தொடங்கிற்று. ஆஸ்டின் பிராட்போர்டு ஹில் என்னும் புள்ளியியல் அறிஞர் அதற்கு விதி வகுத்தார். 107 நோயாளர் சேர்க்கப்பட்டனர். 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும். 52 பேருக்குப் படுக்கை ஓய்வு மட்டும். யாருக்கு எது என்பதை மருத்துவரின் விருப்பம் தீர்மானிக்கவில்லை. குலுக்கிப் போட்டாற்போன்ற எண்வரிசை தீர்மானித்தது.

வரவுக்கு எதிரே செலவை வைத்துப் பாராமல் ஒரு சங்கத்தின் நிலையை எவரும் சொல்லிவிட முடியாது. மருந்தின் நிலையும் அதுவே. மருந்து கொண்டவரையும் கொள்ளாதவரையும் ஒருங்கே வைத்துப் பார்த்த அச்சோதனை, மருத்துவ உலகிற்குக் கிடைத்த செம்மையான தணிக்கை முறை எனலாம்.

ஆறு மாத முடிவில் ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் மாண்டனர். மருந்து பெற்ற 55 பேரில் மாண்டவர் நால்வரே. எங்கும் மகிழ்ச்சி பொங்கிற்று. ஆயினும் ஆராய்ச்சியாளர் ஏட்டை அத்துடன் மூடிவிடவில்லை. மருந்து பெற்றவர்களின் சளியைத் தொடர்ந்து சோதித்தபோது, அவர்களில் மிகப் பெரும்பாலோரிடத்தில் கிருமி ஸ்டிரெப்டோமைசினுக்கு அடங்காததாய் மாறிவிட்டமை தெரியவந்தது. ஐந்தாண்டு சென்றபின் எண்ணிப் பார்க்கையில், மருந்து பெற்ற 55 பேரில் 32 பேரும், பெறாத 52 பேரில் 35 பேரும் மறைந்திருந்தனர். முதலாண்டில் கண்ட இலாபம் ஐந்தாம் ஆண்டில் ஏறக்குறையக் கரைந்துபோயிற்று. தொடர்ந்து கணக்கு வைத்திராவிடில் இக்கசப்பான உண்மை வெளிப்பட்டிராது.

இழைகளை முறுக்கிய கதை

விடையின் ஒரு பகுதி சுவீடனில் இருந்தது. அங்கே யோர்கன் லேமன் என்பவர் பி.ஏ.எஸ். என்று சுருக்கமாக வழங்கும் மற்றொரு மருந்தைக் கண்டிருந்தார். தனியே நோக்கின் அது ஸ்டிரெப்டோமைசினைவிட வலிமை குறைந்ததே. பிரிட்டிஷ் ஆராய்ச்சியாளர் இரண்டையும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்தனர். 1950-ஆம் ஆண்டில் வெளியான முடிவு வியப்பளித்தது: சேர்த்துக் கொண்டவர்களிடத்தில் அடங்காத கிருமி தோன்றுவது பெரிதும் குறைந்திருந்தது. 1952-ஆம் ஆண்டில் ஐசோநயாசிட் மூன்றாவது துணையாக வந்து சேர்ந்தது. ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் ஜான் கிராப்டன் என்னும் மருத்துவரும் அவர்தம் குழுவினரும் மூன்று மருந்துகளையும் தொடக்கத்திலிருந்தே ஒருங்கே கொடுத்து, காசநோயை முழுமையாகக் குணப்படுத்தலாம் என்று காட்டினர். அமெரிக்காவில் ஒன்று, சுவீடனில் ஒன்று எனத் தனித்தனியே கிடைத்த மருந்துகள் தனித்தனியே தோற்றிருக்கும், ஒன்றுகூடியபோது வென்றன.

சென்னையில் நடந்த சோதனை

செல்வ நாடுகளில் இவ்வெற்றி கிட்டியபோது நம் நாட்டின் நிலை வேறாக இருந்தது. காசநோயாளரை மலைப்பாங்கான இடத்திலோ ஊர்ப்புறத்திலோ உள்ள காசநோய் மருத்துவமனையில் படுக்கவைத்து, பாலும் முட்டையும் கொடுத்து, முழு ஓய்வில் வைத்திருக்க வேண்டும் என்பதே அக்கால நம்பிக்கை. நம் நாட்டில் நோயாளர் பல இலட்சம். படுக்கைகளோ சில ஆயிரம். படுக்கை கிட்டாதவர் வீட்டிலிருந்தே மருந்துண்டால் குணமாவாரா? குடும்பத்திலுள்ள குழந்தைகளுக்கு நோய் தொற்றாதா? இடையில் மருந்தை நிறுத்தி, அடங்காத கிருமியை ஊரெங்கும் பரப்பிவிட மாட்டாரா? இக்கேள்விகளுக்கு விடை காணாமல் எந்த அரசாங்கமும் வீட்டுச் சிகிச்சையைத் துணிந்து தொடங்க இயலாதிருந்தது.

அவ்விடையைக் காண 1956-ஆம் ஆண்டில் நான்கு அமைப்புகள் கைகோத்தன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில், சென்னை மாநில அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் ஆகியவையே அவை. சென்னையில் காசநோய் மருந்துச் சிகிச்சை மையம் நிறுவப்பட்டது. வாலஸ் பாக்ஸ் என்னும் ஆங்கில மருத்துவர் அதன் முதல் இயக்குநராய்ப் பொறுப்பேற்றார். சென்னை நகரின் ஏழைக் குடும்பங்களைச் சேர்ந்த 193 நோயாளர் சோதனையில் சேர்க்கப்பட்டனர். ஒரு பாதியினர் காசநோய் மருத்துவமனையில் வைக்கப்பட்டனர். மறு பாதியினர் தத்தம் வீட்டிலேயே இருந்தனர். இரு சாராருக்கும் ஓராண்டுக் காலம் ஐசோநயாசிட்டும் பி.ஏ.எஸ்.ஸும் கொடுக்கப்பட்டன. மருத்துவமனையில் இருந்தோர்க்கு நல்லுணவும் ஓய்வும் காற்றோட்டமான இடமும் கிடைத்தன. வீட்டில் இருந்தோர்க்கு நெருக்கடியான இருப்பிடமும், குறைந்த உணவும், பலருக்கு உழைப்பும் இருந்தன.

மருந்தை உண்கிறார்களா என்பதை அறிய மையத்தார் வெறும் வாய்ச்சொல்லை நம்பியிருக்கவில்லை. முன்னறிவிப்பின்றி வீட்டிற்குச் சென்று எஞ்சிய மருந்தை எண்ணினர். சிறுநீரைச் சோதித்து மருந்து உட்கொள்ளப்பட்டதா என்று பார்த்தனர். சரக்கிருப்பை நேரில் எண்ணிப் பாராமல் இருப்புப் புத்தகத்தில் ஒப்பமிடலாகாது என்னும் நம் சங்கங்களின் விதிக்கு இது எவ்வகையிலும் குறைந்ததன்று.

1959-ஆம் ஆண்டில் வெளியான முடிவு உலகெங்கும் பேசப்பட்டது. வீட்டிலிருந்து மருந்துண்டவர்கள், மருத்துவமனையில் இருந்தவர்களுக்கு ஏறத்தாழ இணையாகக் குணமடைந்தனர். அவர்தம் குடும்பத்தாருக்கு அதனால் நோய் மிகுதியாகத் தொற்றவும் இல்லை. படுக்கையும் பால் முட்டையும் கிட்டாத ஏழைக்கும் பிழைக்க வழியுண்டு என்று சென்னை உலகிற்குக் காட்டிற்று. பின்னர் இதே மையம், வாரம் இருமுறை பணியாளரின் கண்முன்னே மருந்து கொடுக்கும் முறையையும் சோதித்து, 1964-ஆம் ஆண்டில் அதன் பயனை வெளியிட்டது. நோயாளியைத் தனியே விடாது ஒருவர் துணைநின்று மருந்தூட்டும் வழக்கம் உலகெங்கும் பரவியதற்கு இதுவும் ஒரு வித்து. அம்மையம் இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டில் இயங்கி வருகிறது.

அயர்ந்திருந்த காலம்

1960-களின் பிற்பகுதியில் ரிபாம்பிசின் பயனுக்கு வந்தது. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகளும் பிரிட்டிஷ் கவுன்சிலும் 1970 முதல் கூடி நடத்திய சோதனைகள், ஒன்றரை ஆண்டுச் சிகிச்சையை ஆறு மாதமாகக் குறைக்க வழிகாட்டின. சென்னையிலும் குறுகிய காலச் சிகிச்சைச் சோதனைகள் நடைபெற்றன.

இதற்குப்பின் உலகம் அயர்ந்துவிட்டது. செல்வ நாடுகளில் காசநோய் மறையவே, ஏழைகளின் நோய்க்கு மருந்து தேடுவதில் இலாபம் இல்லை என்று மருந்துக் கம்பெனிகள் ஒதுங்கின. ரிபாம்பிசினுக்குப்பின் ஏறத்தாழ நாற்பதாண்டுகள் காசநோய்க்கெனப் புதுவகை மருந்தொன்றும் வரவில்லை. இங்கோ, மருந்து வந்து சேராமையாலும், உடல் சற்றுத் தேறியதும் நோயாளர் நிறுத்திவிடுவதாலும், கண்டபடி மருந்து எழுதப்பட்டதாலும், அடங்காத கிருமிகள் பெருகின. ஐசோநயாசிட், ரிபாம்பிசின் இரண்டுக்குமே அடங்காத நோய்க்கு ஒன்றரை ஆண்டு முதல் இரண்டாண்டு வரை, ஊசியும் மாத்திரையுமாக, செவிப்புலனைக் கெடுக்கக்கூடிய மருந்துகளைக் கொண்டு சிகிச்சை செய்ய வேண்டியதாயிற்று.

அயர்வின் விலையைத் தென்னாப்பிரிக்காவின் டுகேலா பெர்ரி என்னும் சிற்றூர் உலகுக்கு உணர்த்திற்று. அங்கே, ஏறக்குறைய எல்லா மருந்துகளுக்கும் அடங்காத காசநோய் கண்ட 53 பேரில் 52 பேர் மாண்டனர் என்னும் செய்தி 2006-ஆம் ஆண்டில் வெளியாயிற்று. பெரும்பாலோர் மிகச் சில வாரங்களிலேயே மறைந்தனர்.

நாடுகள் கூடித் தொடுத்த நான்மருந்து

சந்தை கைவிட்ட இடத்தில் கூட்டுறவு பிறப்பதே உலக இயல்பு. நெசவாளர் சங்கங்கள் தோன்றியதும் அவ்வாறே. 2000-ஆம் ஆண்டில் காசநோய் மருந்தாக்கத்திற்கென இலாப நோக்கற்ற உலகக் கூட்டணி ஒன்று அமைக்கப்பட்டது. ஒரு கம்பெனியில் பயனின்றிக் கிடந்த பிரட்டோமனிட் என்னும் மருந்தை அக்கூட்டணி உரிமை பெற்று ஆக்கத்திற்குக் கொண்டுவந்தது. பெல்ஜியத்தில் மற்றொரு கம்பெனி பெடாகுலின் என்னும் மருந்தைக் கண்டது. அதற்கு 2012-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. வேறு நோய்களுக்காக ஆக்கப்பட்ட லினெசோலிட், மாக்சிபுளாக்சசின் என்பனவும் காசநோய்க்கு உதவும் என்று அறியப்பட்டது. இவற்றைத் தனித்தனியே விட்டிருந்தால் ஸ்டிரெப்டோமைசினின் பழைய கதையே மீண்டிருக்கும். இவை கூட்டாகவே சோதிக்கப்பட்டன.

தென்னாப்பிரிக்காவில் 109 நோயாளர்க்குப் பெடாகுலின், பிரட்டோமனிட், லினெசோலிட் மூன்றும் சேர்த்துக் கொடுக்கப்பட்டன. 2020-ஆம் ஆண்டில் வெளியான முடிவின்படி, பத்துப் பேரில் ஒன்பது பேர் நலம்பெற்றனர். டுகேலா பெர்ரியில் மரணம் உறுதி என்றிருந்த நோயும் இவற்றுள் அடங்கும். ஆயினும் லினெசோலிட் பலருக்குக் காலில் மதமதப்பையும் இரத்தக் குறைவையும் உண்டாக்கிற்று. உடனே வேறு நாடுகள் அக்குறையைத் தீர்க்க முற்பட்டன. தென்னாப்பிரிக்காவுடன் ஜார்ஜியா, மால்டோவா, ரஷ்யா ஆகியவை சேர்ந்து, அளவைக் குறைத்தாலும் பயன் குறையாது என்று கண்டன. நம் சென்னை நிறுவனமும், அம்மருந்தின் அளவைப் படிப்படியாக இறக்கிக் கொடுக்கும் முறைகளை இந்திய நகரங்கள் பலவற்றில் ஆராய்ந்தது.

உஸ்பெகிஸ்தான், பெலாரஸ், தென்னாப்பிரிக்கா ஆகிய மூன்று நாடுகளில், எல்லைகளற்ற மருத்துவர்கள் என்னும் தொண்டு அமைப்பின் முயற்சியால் 552 நோயாளரைக் கொண்டு மற்றொரு சோதனை நடந்தது. நான்கு மருந்துகளையும் ஆறு மாதம் உண்டவர்களில் 100-க்கு 89 பேர் நற்பயன் பெற்றனர். பழைய நீண்ட சிகிச்சை பெற்றவர்களில் 100-க்கு 52 பேரே அதனைப் பெற்றனர். 2022-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் இந்நான்மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. 2024-ஆம் ஆண்டில் இந்திய அரசாங்கமும் இதனை ஏற்றது. இரண்டாண்டுச் சிறை ஆறு மாதமாகச் சுருங்கிற்று.

பொதுப் பேரேடு

கிருமி எம்மருந்துக்கு அடங்கும், எதற்கு அடங்காது என்று முன்கூட்டியே அறிவதும் வேண்டும். கிருமியின் மரபுப் பொருளில் தோன்றும் எம்மாறுதல் எம்மருந்தைத் தடுக்கிறது என்பதை ஒரு நாட்டார் தம்மிடமுள்ள சில நூறு நோயாளரைக் கொண்டு சொல்லிவிட இயலாது. ஆதலின் 40-க்கு மேற்பட்ட நாடுகள் தாம் சேர்த்த 38,000-க்கு மேற்பட்ட கிருமி மாதிரிகளின் விவரங்களை ஒன்றுசேர்த்தன. அவற்றைக்கொண்டு 2021-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் மாறுதல்களின் பொதுப் பட்டியலை வெளியிட்டது. சிறு பங்குத் தொகைகள் சேர்ந்து சங்கத்தின் மூலதனம் ஆவதுபோல, சிற்றூர் மருத்துவமனையில் எடுக்கப்பட்ட ஒரு துளிச் சளியும் இப்பேரேட்டில் ஒரு வரியாகிறது. அவ்வரி எங்கோ முகமறியாத ஒரு நோயாளிக்குச் சரியான மருந்தைத் தேர்ந்து கொடுக்க உதவுகிறது.

விளைந்ததை யார் கொள்வது?

கூடி உழைத்தால் மட்டும் போதாது. விளைந்ததையும் கூடிக் கொள்ளல் வேண்டும். இதில் உலகம் இன்னும் முற்றிலும் தேறவில்லை. பெடாகுலினை ஆராய்ந்து நிலைநாட்டியதில் பல நாடுகளின் பொதுப்பணமும், சோதனைக்கு உடன்பட்ட ஏழை நோயாளரின் பங்கும் பெரிது. எனினும் அதன் காப்புரிமை ஒரு கம்பெனியிடத்தில் இருந்தது. அவ்வுரிமையை மேலும் சில ஆண்டுகளுக்கு நீட்டிக்க இந்தியாவில் செய்யப்பட்ட விண்ணப்பத்தை, இந்தியாவிலும் தென்னாப்பிரிக்காவிலும் இந்நோயிலிருந்து மீண்ட இரு பெண்கள் எதிர்த்து நின்றனர். 2023-ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இந்தியக் காப்புரிமை அலுவலகம் அவ்விண்ணப்பத்தை நிராகரித்தது. மூல உரிமையும் அவ்வாண்டு ஜூலையில் முடிவுற்றது. இந்தியத் தயாரிப்பாளர் போட்டியில் இறங்கவே, உலகப் பொதுக் கொள்முதலில் அதன் விலை ஏறத்தாழ பாதியாக இறங்கிற்று. தரகர் பிடியிலிருந்து நூல் விலையை மீட்க நம் முன்னோர் சங்கம் கண்ட வரலாற்றை அறிந்தவர்க்கு இதன் பொருள் நன்கு விளங்கும்.

நம் சங்கங்கள் செய்யத்தக்கன

இத்துணை அரிதிற் கிடைத்த பெடாகுலினுக்கும் அடங்காத கிருமிகள் சில நாடுகளில் ஏற்கெனவே தலைகாட்டியுள்ளன. ஒரு மருந்தின் வலிமை எல்லோருக்கும் பொதுவான சேமநிதி போன்றது. ஒருவர் முறைகேடாக எடுத்தால் எல்லோருக்கும் குறையும். குறைந்ததை மீண்டும் நிரப்ப நாற்பதாண்டு ஆகலாம். ஆகவே ஆராய்ச்சியாளர் செய்ததை நிறைவு செய்யும் பொறுப்பு நம்மிடமும் இருக்கிறது.

முதலாவது, இரண்டு வாரத்திற்கு மேல் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனையில் சளியைச் சோதித்துக்கொள்ள வேண்டும். கிருமி ரிபாம்பிசினுக்கு அடங்குமா என்பதைக்கூடச் சில மணி நேரத்தில் காட்டும் கருவிகள் இன்று உள்ளன. சோதனையும் மருந்தும் இலவசம். காற்றோட்டமற்ற தறிக்கூடத்தில் ஒருவர் நோயை மறைத்து உட்கார்ந்திருப்பது பக்கத்துத் தறிக்காரருக்கும் கேடு. சாளரங்களைத் திறந்துவைக்கும் எளிய செயலும் பெருநன்மை தரும்.

இரண்டாவது, தொடங்கிய மருந்தை நடுவில் நிறுத்தலாகாது. இரண்டு மாதத்தில் இருமல் நிற்கும், பசி எடுக்கும், உடல் தேறும். நோய் போய்விட்டது என்று தோன்றும். அதுவே ஆபத்தான வேளை. பெரும்பாலும் நோயாளர் நிறுத்துவது அறியாமையால் மட்டுமன்று. கூலி போய்விடும் என்னும் அச்சத்தாலுமாகும். மருத்துவமனைக்குச் சென்ற நாளில் தறி ஓடாது. தறி ஓடாத நாளில் அடுப்பு எரியாது. இங்கேதான் சங்கம் முன்வர வேண்டும். நோயுற்ற உறுப்பினருக்கு வீட்டிலேயே பாவும் நூலும் கொடுத்தல், கடன் தவணையை நீட்டித்தல், பொதுநல நிதியிலிருந்து சிறு உதவி அளித்தல், நிர்வாகக் குழுவில் ஒருவர் மாதந்தோறும் அவரைக் கண்டு ஊக்குதல் ஆகியவற்றைப் பொதுக்குழு தீர்மானத்தால் ஏற்பாடு செய்யலாம். நோயாளியின் பெயரை அம்பலமாக்காமல் இதனைச் செய்வது கண்ணியம்.

மூன்றாவது, உணவு. ஜார்க்கண்டு மாநிலத்தில் 2019 முதல் 2022 வரை நடைபெற்றதும், சென்னை நிறுவனம் பங்குகொண்டதுமாகிய ஓர் ஆராய்ச்சியில், 2,800 நோயாளரின் குடும்பத்தார் 10,345 பேர் சேர்க்கப்பட்டனர். அவர்களில் ஒரு பகுதியினருக்கு மாதம் ஒன்றுக்கு ஆளுக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் அளிக்கப்பட்டன. அவ்வுணவு பெற்ற குடும்பங்களில் புதிதாகக் காசநோய் காண்பது 100-க்கு 39 பங்கு குறைந்தது. தொற்றாத நோய்க்கு மருந்து வேண்டா. மருந்து வேண்டாத இடத்தில் அடங்காத கிருமியும் பிறவாது. 2024-ஆம் ஆண்டு நவம்பர் முதல், சிகிச்சை பெறும் காசநோயாளருக்கு ஊட்ட உதவியாக மாதம் 1,000 ரூபாய் மத்திய அரசாங்கம் வழங்குகிறது. உறுப்பினர் அதனைப் பெற்றுக்கொள்ளச் சங்கச் செயலாளர்கள் வழிகாட்டலாம். நெல்லும் பயறும் விளைவிக்கும் உறுப்பினர்களின் சங்கத்திற்கு, நோயுற்ற குடும்பமொன்றின் களஞ்சியத்தை ஆறு மாதம் நிரப்புவது பெரும் சுமையாகாது.

நான்காவது, கால்நடையும் கோழியும் வளர்ப்போர் கருத்திற்கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. கொலிஸ்டின் என்பது வேறெம்மருந்தும் பயன்படாத நோயாளிக்குக் கடைசி அடைக்கலமாக வைத்திருக்கும் மருந்து. தீவனத்தில் கலந்து கோழிக்கும் பன்றிக்கும் அதனைக் கொடுத்துவந்தமையால், அதற்கு அடங்காத தன்மையை ஒரு கிருமியிலிருந்து மற்றொன்றுக்குக் கடத்தும் மரபணு பெருகியிருப்பதை 2015-ஆம் ஆண்டில் சீன ஆராய்ச்சியாளர் வெளியிட்டனர். 2019-ஆம் ஆண்டு ஜூலையில் உணவுக்கான பிராணிகளுக்கு அதனை விற்பதையும் கொடுப்பதையும் இந்திய அரசாங்கம் தடைசெய்தது. கால்நடை மருத்துவரின் சீட்டின்றி எம்மருந்தையும் தீவனத்தில் கலவாதிருப்பதும், ஊசிபோட்ட மாட்டின் பாலைக் குறித்த நாள்வரை சங்கத்திற்கு ஊற்றாதிருப்பதும் நம் கடமை. சளிக்கும் சாதாரணக் காய்ச்சலுக்கும் மருந்துக்கடையில் தாமாகவே கேட்டு வாங்கி இரண்டு நாள் உண்டு நிறுத்தும் வழக்கத்தையும் விட்டொழிக்க வேண்டும்.

மருந்துக்கு அடங்காத கிருமியை எதிர்த்து எழுபதாண்டுகளுக்கு மேலாக நடந்துவரும் இப்போரில், தனித்து நின்ற மருந்து தோற்றது. தனித்து விடப்பட்ட நோயாளியும் தோற்றார். சேர்ந்து நின்ற மருந்துகள் வென்றன. சேர்ந்து நின்ற நாடுகள் வழிகண்டன. 1956-இல் சென்னையில் தம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஓராண்டு தவறாமல் மருந்துண்ட எளிய மக்கள் உலகத்தின் மருத்துவ அறிவுக்கே பங்குதாரர் ஆயினர். அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தில் ஒவ்வொரு சங்கமும் நோயுற்ற உறுப்பினருக்குத் துணைநிற்கும் தீர்மானம் ஒன்றை நிறைவேற்றுமாயின், நாமும் அப்பங்கின் உரிமைக்குத் தகுதியுடையவர் ஆவோம்.